பூச்சி கடித்த இலை

ரங்கம்மா பொய் சொல்லுவாள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் அவளைத் தூக்கிவைத்துப் பேசுகிறேன் என்று யாரும் என் மேல் பாயக்கூடாது. காலையில் தூங்கிவிட்டு ஷிஃப்டுக்குத் தாமதமாக வந்தால் ‘பஸ் பஞ்சர் சார்’ என்பாள். பக்கத்து வீட்டுக்காரி உறைக்கு மோர் கேட்டால், சட்டி நிறைய வைத்துக்கொண்டே ‘காத்தாலயே தீந்துடுச்சு’ என்பாள். ஊரில் எல்லோரும் சொல்லுகிற அளவுக்குத்தான், அதற்கு மேல் இல்லை. ஆனால் போன மார்கழிக் கடைசியில், ‘நீ செய்தாயா, இல்லையா’ என்று நேருக்கு நேர் கேட்டபோது பொய்யும் சொல்ல முடியாமல் நிஜமும் சொல்ல முடியாமல் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றாள். நிஜம் எது என்று அவளுக்கே தெரியவில்லை. இப்படியும் ஒரு மனுஷிக்கு வருமா என்றால், வந்தது. அதைத்தான் சொல்லப்போகிறேன்.

அவளுக்கு வயது நாற்பத்தாறு. பிறந்தது தளிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில். வீட்டில் கன்னடம், தெருவில் தெலுங்கு, ரேஷன் கடையில் தமிழ். சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது. அப்பா, அம்மா, அண்ணன், இவள், நாலு பேரும் அடுத்தவர் தோட்டத்தில் கூலி. இவளுக்கு வாய்த்தது கட்டுக் கட்டுகிற வேலை. கொத்தமல்லியோ, புதினாவோ, பாலக்கோ, பறித்துப் போட்டதை அள்ளி, பூச்சி கடித்த இலையைக் கிள்ளி எறிந்துவிட்டு, நாரால் ஒரு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட வேண்டும். ஓசூர் மார்க்கெட்டுக்குப் போகிற டெம்போ யாருக்காகவும் நிற்காது. ஒவ்வொரு இலையாகப் பார்த்துக் கிள்ளிக்கொண்டிருந்தால் பக்கத்தில் இருப்பவள் அதற்குள் மூன்று கட்டுப் போட்டுவிடுவாள். அதனால் கண்ணை நம்பாமல் கையே கிள்ளப் பழகிக்கொண்டது. வாய் பாட்டுக்கு ஊர் வம்பு பேசும், கை பாட்டுக்குக் கெட்ட இலையைக் கண்டுபிடித்து எறியும். இருபத்தைந்து வருஷம் அப்படி.

கல்யாணமாகி மத்திகிரிக்கு வந்த பிறகும் காலை பஸ்ஸில் தோட்டத்துக்குப் போய் வந்துகொண்டிருந்தவளை, ஒன்பது வருஷத்துக்கு முன்னால் கம்பெனிக்கு இழுத்துவந்தவள் வெங்கடம்மா. இரண்டு வீடு தள்ளிக் குடியிருப்பவள், இவளைவிட ஐந்து வயது சின்னவள், தெலுங்குக்காரி, கோபம் வந்தால் மூன்று பாஷையையும் கலந்து திட்டுவாள். கம்பெனியின் பெயர் எதற்கு? ஓசூரில் கம்பெனிக்கா பஞ்சம். கார் பாகம், டூத்பேஸ்ட் டியூப், கைக்கடிகாரம் என்று செய்கிற ஊரில் இது லேஸ் செய்கிற கம்பெனி. வெளிநாட்டில் கல்யாணப் பெண்கள் போடுகிற வெள்ளை கவுனுக்கு இங்கிருந்துதான் லேஸ் போகிறது. அங்கே மாப்பிள்ளை யார், பெண் யார் என்று நமக்குத் தெரியாது. தாவணிக்குக்கூட லேஸ் வைத்துத் தைத்துக்கொள்ளாத ரங்கம்மாவுக்கு வேலை கிடைத்தது.

முதல் இரண்டு வருஷம் அவளுக்கு நூல் இழுக்கிற வேலை. லேஸ் மெஷின் ஒவ்வொரு நாடாவாகப் பின்னாது. ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு அகலமாக ஒரே விரிப்பாகப் பின்னித் தள்ளும். அதற்குள் இருபது முப்பது நாடாக்கள் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒட்டவைப்பது இரண்டு நாடாவுக்கும் நடுவில் ஓடுகிற ஒற்றை நூல். சிமெண்ட் மூட்டை வாயைப் பிரிக்கிற மாதிரிதான். சரியான முனையைப் பிடித்து இழுத்தால் சர்ரென்று பிரிந்து வரும், மாற்றி இழுத்தால் பிடித்துக்கொண்டு உயிரை வாங்கும். ரங்கம்மாவின் கையில் அது ஒரு நாளும் பிடித்துக்கொண்டதில்லை. இதைப் பார்த்துவிட்டுத்தான் அவளை மெண்டிங் டேபிளுக்கு மாற்றினார்கள்.

மெண்டிங் என்றால் பழுது பார்ப்பது. எங்கேயோ ஒரு ஊசி வளைந்திருக்கும், ஒரு நூல் அறுந்திருக்கும். லேஸில் ஒரு ஓட்டை விழும். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும், ஏனென்றால் லேஸ் என்பதே ஓட்டைதான். ஓட்டைகளைச் சுற்றி நூல் போட்டுவைத்தால் அதற்குப் பெயர் லேஸ். அத்தனை ஆயிரம் ஓட்டையில் இருக்கக்கூடாத ஓட்டை எது என்று கண்டுபிடித்து, ஊசியும் கொக்கியும் வைத்து, மெஷின் எப்படி நூலைத் திருகுமோ அப்படியே திருகி அடைக்க வேண்டும். மற்றவர்கள் அடைத்தால் வெள்ளையில் தெரியாது, சாயத்துக்குப் போய் வந்ததும் அந்த இடம் மட்டும் ஒரு துளி கறுத்து நிற்கும். ரங்கம்மா அடைத்தது சாயத்துக்குப் பிறகும் தெரியாது. செக்கிங்கில் இருக்கிற பெண்கள் லென்ஸ் வைத்துத் தேடிவிட்டு, ‘எங்கக்கா போட்ட, நீயே காட்டு’ என்பார்கள். அவளும் தேடிவிட்டு, ‘இங்கதான் எங்கியோ’ என்பாள்.

இவ்வளவு கை இருந்தும் அவள் காண்ட்ராக்ட்தான். பதினோரு மாதம் முடிந்ததும் நாலு நாள் வீட்டில் உட்காரச் சொல்வார்கள். ஐந்தாம் நாள் வேறு டோக்கன் நம்பர் கொடுத்துப் புதுசாகச் சேர்ந்தவள்போலக் கூப்பிட்டுக்கொள்வார்கள். ஒவ்வொரு தடவையும் அந்த நாலு நாள் அவளுக்குச் சோறு இறங்காது. ஒரு தடவை கூப்பிடாமல் விட்டுவிட்டால் யாரைக் கேட்பது? மகள் அனுப்ரியா கிருஷ்ணகிரியில் நர்சிங் படிக்கிறாள், ‘எங்கம்மா வேலைக்குப் போறாங்க’ என்று சொல்லிக்கொள்கிறாள். இந்தப் பொங்கலுக்குள் மெண்டிங்கில் ஒரே ஒருத்தியைப் பெர்மனென்ட் ஆக்கப்போகிறார்கள் என்று பேச்சு வந்தது. லிஸ்டில் முதல் பெயர் ரங்கம்மா, இரண்டாவது வெங்கடம்மா. லெட்டர் அடித்துக் கையெழுத்துக்குப் போயிருக்கிறது என்று ஆபீஸில் இருப்பவளே சொன்னாள். ரங்கம்மா அந்த வாரம் தரையில் நடக்கவில்லை.

இனி அந்த இலைக்கு வருகிறேன்.

ஐப்பசி மாதம் வெளிநாட்டிலிருந்து ஒரு சாம்பிள் வந்தது. உள்ளங்கை அகலத் துண்டு. நடுவில் ஒரு பூ, அதன் காம்பில் மூன்று இலை. நூறு வருஷத்துக்கு முந்திய லேஸ் என்றார்கள். அதைப் பார்த்து அச்சாக அப்படியே ஆறாயிரம் மீட்டர் பின்னித் தர வேண்டும். டிசைன் போடுகிற சுவேதா அதை ஸ்கேன் செய்து, கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாகப் பிரித்து, எந்தக் கட்டத்தில் எந்த நூல் என்று மெஷினுக்குச் சொல்ல வேண்டும். சுவேதாவுக்கு இருபத்தைந்து வயது, கோயம்புத்தூரில் படித்தவள், நல்ல பெண். நல்ல பெண்ணுக்கும் அவசரம் உண்டு. ஸ்கேனுக்காகத் துண்டை அட்டையில் குத்தும்போது குண்டூசி மாட்டி ஓரத்தில் ஒரு விரற்கடை கிழித்துவிட்டாள்.

ஒரிஜினல் சாம்பிளில் யாரும் கை வைக்கக்கூடாது என்பது அந்தக் கம்பெனியில் சட்டம். சுவேதா முகம் வெளிறி, துண்டை நோட்டுக்குள் வைத்து எடுத்துக்கொண்டு மெண்டிங் டேபிளுக்கு வந்தாள்.

“ரங்கம்மாக்கா, இதை ஒட்டிக் குடுத்துடுங்க. யாருக்கும் தெரிய வேண்டாம். ரிஜிஸ்டர்ல தொங்கற நூலை வெட்டக் குடுத்தேன்னு எழுதிடறேன்.”

“குடு இப்புடி. இதுக்குப் போய் அழுவுறியே.”

ரங்கம்மா லென்ஸ் விளக்கை இழுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சுவேதாவுக்குப் பதற்றம், பதற்றம் வந்தால் அவளுக்குப் பேச்சு வரும். பக்கத்தில் நின்று அந்தத் துண்டின் சரித்திரத்தைச் சொல்ல ஆரம்பித்தாள். இது நம் மெஷின் மாதிரி ஊசியால் பின்னினது இல்லையாம். காசைவிட மெல்லிசான பித்தளை வட்டுக்குள் நூலைச் சுற்றி, ஆயிரக்கணக்கான வட்டுகள் முன்னும் பின்னும் ஆடி ஆடி, நூலோடு நூலைத் திருகுமாம். இங்கிலாந்தில் இருநூறு வருஷத்துக்கு முன்னால் ஒருத்தர் கண்டுபிடித்த வித்தையாம். அதுவரைக்கும் பெண்கள் மடியில் திண்டை வைத்துக்கொண்டு கையாலேயே பின்னுவார்களாம், ஒரு முழத்துக்கு மாதக்கணக்கு ஆகுமாம். மெஷின் வந்ததும் சண்டை. ஒரு ஊரில் ஆட்கள் கும்பலாகப் போய் ஐம்பத்தைந்து மெஷின்களைச் சம்மட்டியால் அடித்து நொறுக்கினார்களாம். முதலாளி மூட்டையைக் கட்டிக்கொண்டு வேறு ஊருக்கே போய்விட்டாராம், வேலையாட்களில் பலபேர் அவர் பின்னாலேயே நடந்தே போனார்களாம்.

“நடந்தேவா?”

“நடந்தேதான்க்கா. முன்னூறு கிலோமீட்டருக்கு மேல.”

“குழந்த குட்டி எல்லாம்?”

“எல்லாம்தான்.”

ரங்கம்மாவின் காதும் மனசும் அந்த ரோட்டில் நடந்துகொண்டிருந்தன. பானை சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு போனார்களா, வழியில் எங்கே சமைத்தார்கள், பிள்ளைத்தாய்ச்சி இருந்தால் என்ன செய்தார்கள் என்று கேட்டுக்கொண்டேயிருந்தாள். கை அது பாட்டுக்கு வேலை செய்தது. அரை மணி நேரத்தில் துண்டைக் கொடுத்தாள். சுவேதா திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கிழிந்த இடம் எது என்று அவளுக்கே தெரியவில்லை. ரங்கம்மாவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஓடினாள்.

மெஷின் ஆறாயிரம் மீட்டர் பின்னிற்று. கப்பலில் ஏறிற்று. பொங்கல் வர ஐந்து நாள் இருக்கும்போது மெயில் வந்தது.

குவாலிட்டி மேனேஜர் பாலாஜி ஓசூர்க்காரர்தான், நாற்பது வயது, கத்தமாட்டார்; கத்தாததுதான் அவரிடம் பயம். ரங்கம்மாவைக் கூப்பிட்டுக் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். திரையில் அதே பூ, அதே மூன்று இலை. மூன்றாவது இலையின் நடுவில் ஒரு சின்ன ஓட்டை. அதைச் சுற்றிச் சிவப்பு வட்டம்.

“இது அவங்ககிட்ட இருக்கற மீதித் துணி. ஒவ்வொரு பூவுலயும் மூணாவது இலையில இந்த ஓட்டை இருக்கு. நாம பின்னினதுல இல்லை. அவங்க அனுப்புன சாம்பிள்லயும் இப்ப இல்லை.” துண்டை மேஜையில் வைத்தார். “ரிஜிஸ்டர்படி இது ஒரே ஒரு தடவைதான் டிசைன் ரூமை விட்டு வெளிய வந்திருக்கு. உங்க டேபிளுக்கு. ஓட்டையை அடைச்சீங்களா?”

ரங்கம்மா துண்டைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள்.

“இது என்னாங்க சார் ஓட்டை? பூச்சி கடிச்ச மாதிரி.”

“பூச்சி கடிச்சதுதான். வேணும்னே அப்படி வரைஞ்சிருக்காங்க. அந்த டிசைனோட பேரே அதுதானாம்.”

“பூச்சி கடிச்ச இலைய யாராச்சும் வேணும்னு கேப்பாங்களா சார்?”

“கேக்கறாங்க. அடைச்சீங்களா, இல்லையா?”

அவள் வாயைத் திறந்தாள். ‘இல்லை’ என்று சொல்லத்தான் திறந்தாள். வார்த்தை வரவில்லை. கிழிசலைத் தைத்தது நினைவிருக்கிறது, ஆனால் அது சுவேதாவின் ரகசியம். அதற்குப் பிறகு? விளக்குக்குக் கீழே அந்த இலை இருந்தது. ஓட்டையோடு இருந்ததா? பார்த்த மாதிரியும் இருந்தது, பார்க்காத மாதிரியும் இருந்தது. நினைத்து நினைத்துப் பார்த்தால் ரோட்டில் நடந்துபோகிற ஜனங்கள்தான் கண்ணில் வந்தார்கள். இரண்டு இலை முழுசாக இருந்து மூன்றாவதில் மட்டும் ஓட்டை இருந்தால் இந்தக் கை சும்மா இருந்திருக்குமா? இருந்திருக்காது. ஆனால் செய்திருக்கும் என்பதும் செய்தது என்பதும் ஒன்றா? 

“தெரியல சார்.”

“தெரியலைன்னா என்னம்மா அர்த்தம்? செஞ்சது நீங்க.”

“கொத்தில்ல சார்,” என்று அதையே கன்னடத்தில் சொல்லிப் பார்த்தாள். தமிழில் நம்பாதவர் கன்னடத்திலாவது நம்பமாட்டாரா என்ற நப்பாசை. பாலாஜி பெருமூச்சு விட்டார்.

“நாளைக்கு லேப்ல டெஸ்ட் பண்ணிடலாம். உங்க லெட்டர் ஜி.எம். டேபிள்ல இருக்கு. இது முடியற வரைக்கும் கையெழுத்து ஆகாது.”

வீட்டுக்கு வந்து களிக்கு மாவைப் போட்டவள் துடுப்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். களி அடிப்பிடித்தது. இன்னொரு கம்பெனியில் செக்யூரிட்டியாக இருக்கிற புருஷன் சென்றாயன் வாசனையை வைத்தே உள்ளே வந்தார். விஷயத்தைக் கேட்டார். அவருக்கு எல்லாமே கேட் பாஸ் மாதிரிதான், உண்டு அல்லது இல்லை.

“செஞ்சியா?”

“தெரியலங்க.”

“அப்ப இல்லைன்னு சொல்லு. தெரியாததை எதுக்கு ஒத்துக்கற?”

“தெரியாததை எப்புடி இல்லைன்னு சொல்றது?”

“ஒம்பது வருசம் கழிச்சு இப்பதான் ஒரு நம்பர் நெலைக்கப் போவுது. நீ தருமராசா மாரி நிக்காத.” அடிப்பிடித்த களியையே இரண்டு உருண்டை தின்றுவிட்டு டியூட்டிக்குப் போனார். அவர் சொன்னது சரி என்றே ரங்கம்மாவுக்குத் தோன்றியது. சரியாக இருந்தும் மனசு ஒப்பவில்லை.

மறுநாள் பதினோரு மணிக்கு லேப்பில் பாலாஜி, சுவேதா, ரங்கம்மா மூவரும் கூடினார்கள். சாயம் ஒத்துப்போகிறதா என்று பார்க்கிற விளக்குப் பெட்டி அங்கே உண்டு. அதில் ஒரு ஸ்விட்சைப் போட்டால் ஊதா வெளிச்சம் வரும். பாலாஜி விளக்கிச் சொன்னார். இந்தக் காலத்து வெள்ளை நூலில் பளிச்சென்று இருக்க ஒரு மருந்து போடுகிறார்கள். ஊதா வெளிச்சத்தில் அது பளபளவென்று மின்னும். நூறு வருஷத்து நூலில் அந்த மருந்து கிடையாது, மங்கியே இருக்கும். மெண்டிங் டேபிளில் கம்பெனி கொடுத்திருக்கிற டப்பா நூல் அத்தனையும் புது நூல். “யாராவது இதுல கை வச்சிருந்தா அந்த இடம் மட்டும் நட்சத்திரமா மின்னும். பொய் சொல்லவே முடியாது.”

துண்டைப் பெட்டிக்குள் வைத்தார். மற்ற விளக்குகளை அணைத்தார். ஸ்விட்சைப் போட்டார்.

பெட்டியின் மூலையில் கிடந்த ஒரு துணுக்கு நூல் மின்னிற்று. பாலாஜியின் சட்டைக் காலர் மின்னிற்று. லேஸ் துண்டு மட்டும் பழைய தூசிபோல மங்கிக் கிடந்தது. பூவில் ஒன்றுமில்லை. இலையில் ஒன்றுமில்லை. பாலாஜி குனிந்து, திருப்பி, மறுபடி குனிந்து பார்த்தார். ஒரு புள்ளிகூட மின்னவில்லை.

ரங்கம்மா பார்த்தது இலையை அல்ல, ஓரத்தை. குண்டூசி கிழித்த இடம். அதை இந்தக் கையால் தைத்தாளே, அதிலாவது மின்ன வேண்டுமே? அதுவும் மங்கித்தான் இருந்தது. ஒரு நிமிஷம் அவளுக்குப் பயமே வந்துவிட்டது. கிழிசலையும் தைக்கவில்லையா? அதுவும் கனவா? புத்தி பேதலித்துவிட்டதா? பக்கத்தில் சுவேதாவைப் பார்த்தாள். சுவேதாவும் அதே ஓரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். அப்போதுதான் ரங்கம்மாவுக்கு உறைத்தது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ரங்கம்மா டப்பா நூலில் தைப்பதே இல்லை. எந்தத் துணியைப் பழுது பார்க்கிறாளோ அந்தத் துணியின் வெட்டு ஓரத்திலிருந்தே ஒரு நூலை உருவி, அதை வைத்துத்தான் தைப்பாள். அதே நூல் என்பதால் சாயத்தை ஒரே மாதிரி குடிக்கும்; அதனால்தான் அவள் தைத்தது தெரிவதில்லை. கம்பெனியில் அது கூடாது. ஓரம் குறைந்தால் அளவு குறையும், கண்டுபிடித்தால் அன்றைக்கே கணக்குத் தீர்த்து அனுப்பிவிடுவார்கள். டப்பா நூலை அவ்வப்போது வெட்டிக் குப்பையில் போட்டுத் தீர்ந்த மாதிரிக் காட்டிவிடுவாள். வெங்கடம்மாவுக்குக்கூட இது தெரியாது. கிழிசலுக்குத் துண்டின் ஓரத்து நூலைத்தான் உருவினாள். இலையை அடைத்திருந்தால் அதற்கும் அதே நூல்தான். அந்த விளக்குக்கு ரங்கம்மாவைப் பிடிக்கத் தெரியாது.

பாலாஜி விளக்கைப் போட்டுவிட்டு நிமிர்ந்தார். மெயில் வந்த பிறகு முதல் தடவையாக அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தார்கள்.

“நீங்க கை வைக்கலம்மா. சாம்பிளே இப்படித்தான் வந்திருக்கு. தப்பு அவங்க பக்கம்.” போனை எடுத்துத் துண்டைப் படம் பிடித்தார். “அங்க சாம்பிள் வெட்டி அனுப்பறதுக்குன்னு ஒரு அம்மா இருக்காங்களாம், முப்பது வருஷ சர்வீஸ். ஓட்டையை என் கண்ணால பார்த்துத்தான் வெட்டினேன்னு சாதிக்கறாங்களாம். நம்ம ரிப்போர்ட் போகட்டும். கண்ணு போயிடுச்சு, வீட்டுக்குப் போங்கன்னு அனுப்பிடுவாங்க.”

சாதாரணமாகத்தான் சொன்னார். அவர் கெட்டவர் இல்லை. கதவு வரைக்கும் போன ரங்கம்மா திரும்பி வந்தாள்.

அவளுக்கு என்ன வந்தது? நன்றாகத்தான் தப்பித்தாள். வாயை மூடிக்கொண்டு டேபிளுக்குப் போயிருந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் லெட்டர் கையில். பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை, சும்மா இருந்தால் போதும். ஆனால் முகம் தெரியாத அந்த அம்மாள் ‘பார்த்தேன்’ என்கிறாள். இவளோ செய்தாளா இல்லையா என்று தெரியாமல் நிற்கிறாள். பார்த்தேன் என்பவளைப் பொய்க்காரி ஆக்கிவிட்டுத் தெரியாது என்பவள் லெட்டர் வாங்குவதா? இவ்வளவு கோவையாக அவள் நினைத்தாளா என்று எனக்குத் தெரியாது. ‘வாய் தானா தொறந்துக்கிச்சு’ என்றுதான் பின்னால் சொன்னாள்.

“சார், நான் டப்பா நூல்ல தைக்கறதில்ல.”

பாலாஜி திரும்பினார்.

“அந்தந்தத் துணியிலயே ஓரத்து நூல உருவித்தான் தைப்பன். இதுல நான் தச்சிருந்தாலும் இந்த லைட்டுக்குத் தெரியாது.”

சுவேதா நிமிர்ந்தே பார்க்கவில்லை. கிழிசலைப் பற்றி ரங்கம்மா மூச்சு விடவில்லை. அது எதற்கு, அந்தப் பெண் பிழைத்துப்போகட்டும்.

“எத்தனை நாளா?”

“மெண்டிங்குக்கு வந்ததுல இருந்தேங்க சார்.”

“அப்ப இந்த ஓட்டையை அடைச்சது நீங்கதான்.”

“அது தெரியல சார்.”

“அடைக்கலையா?”

“அதுவும் தெரியல சார்.”

பாலாஜி நாற்காலியில் உட்கார்ந்தார். எதிரே இருந்த டெஸ்ட் ஃபாரத்தில் இரண்டே கட்டம் இருந்தது, ஆம், இல்லை. பேனாவைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். எந்தக் கட்டத்திலும் கோடு போட முடியவில்லை. இந்த நிமிஷத்தில் அவரும் ரங்கம்மாவைப் போலவே விழித்தார்; அதில் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. கடைசியில் வேறு ஒரு தாளை எடுத்தார். நூல் உருவியது உறுதி, அவளே ஒப்புக்கொண்டது, ஏழு வருஷமாகச் செய்தது. அதற்குக் கட்டம் தேவையில்லை. ஒன்பது வருஷக் கையை நினைத்து வீட்டுக்கு அனுப்பவில்லை என்றும், லிஸ்டிலிருந்து பெயரை மட்டும் எடுப்பதாகவும் எழுதினார்.

“ஏம்மா சொன்னீங்க?” என்று கேட்டார். நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை.

ரங்கம்மா கும்பிட்டுவிட்டு வெளியே வந்தாள். மெண்டிங் டேபிளுக்குப் போய் உட்கார்ந்ததும் கண்ணீர் மாலை மாலையாக வந்தது. ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, பாலாஜி மேல் அல்ல, தன் மேல். சென்றாயனிடம் என்ன சொல்வது, மகளிடம் என்ன சொல்வது? லேஸில் கண்ணீர் பட்டால் கறை பிடிக்கும் என்று முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

வெளிநாட்டுக்கு என்ன பதில் போயிற்று, அந்த அம்மாள் வேலையில் இருக்கிறாளா என்பதெல்லாம் யாரும் மெண்டிங் டேபிளுக்கு வந்து சொல்லவில்லை. பொங்கல் கழிந்து அந்த டிசைனை மறுபடி பின்ன ஆரம்பித்தார்கள், இந்தத் தடவை மூன்றாவது இலையில் ஓட்டையோடு. சுவரில் படம் போட்டு, ‘இதை அடைக்கக் கூடாது’ என்று மூன்று பாஷையில் எழுதி ஒட்டினார்கள். சுவேதா அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் ஒரு பிஸ்கட் பாக்கெட்டை ரங்கம்மாவின் டேபிளில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனாள். பெர்மனென்ட் லெட்டர் வெங்கடம்மாவுக்கு வந்தது.

அன்று சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் இருவரும் எப்போதும்போலப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். வெங்கடம்மா லெட்டரைச் சாப்பாட்டுப் பைக்குள் திணித்து, பையை மடியில் கவிழ்த்துவைத்துக்கொண்டிருந்தாள். சந்தோஷப்படவும் வெட்கம், துக்கப்படவும் வெட்கம். தளி ரோடு திரும்புகிற வரைக்கும் பொறுத்துப் பார்த்தாள்.

“எனக்கு இது வேணாங்க்கா. ராத்திரி தூக்கம் வராது.”

“வச்சிக்கோ. நீ வேணாம்னா எனக்கா குடுப்பாங்க?”

“எங்கிட்ட மட்டும் சொல்லு. நீதான அடைச்ச?”

“தெரியலடி.”

“இன்னுமா தெரியல?”

ரங்கம்மா கைகளை மடியில் விரித்துப் பார்த்தாள். ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன விரல்கள். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

“இல்லடி. ஆனா ஒண்ணு. நான் அடைச்சிருந்தா, நல்லா அடைச்சிருக்கன். எனக்கே தெரியல பாரு.”

மத்திகிரி ஸ்டாப் வந்தது. இருவரும் இறங்கினார்கள்.